பழைய தொடர்மாடி வீடு வாங்கித் திருத்துவோர் கவனத்திற்கு

கொழும்பில் ஒரு துண்டுக் காணி வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. அதனால் வெளிநாட்டில் உழைத்த பணத்தையும் மகளின் வீட்டுக்கென்று சேர்த்ததையும் பழைய தொடர்மாடி வீடுகளில் போடுவோர் நம்மில் பலர். குறைந்த விலைக்கு வாங்கி, திருத்தி, வாடகைக்கு விடலாம் என்பது அவர்களது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் சுவரைப் பார்க்குமுன் உறுதியைப் பார்க்க வேண்டும்.

உரிமை: தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், ஒவ்வொரு வீட்டையும் தனி ஆதனமாக ஏற்கிறது. காணியிலும் படிக்கட்டு, கூரை போன்ற பொதுப் பகுதிகளிலும் உரிமையாளருக்குப் பிரிக்கப்படாத பங்கு உண்டு. இதற்குக் கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அரச வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் மக்கள் பல்லாண்டுகள் உறுதியின்றியே வாழ்ந்து வந்துள்ளனர். ஒதுக்கீட்டுக் கடிதமோ கைமாற்று ஒப்பந்தமோ உறுதியாகாது. விற்பவர் காட்டும் போட்டோப் பிரதியை நம்பாமல், நம் சார்பிலான நொத்தாரிசைக் கொண்டு பதிவேட்டைப் பரிசோதிப்பது அவசியம்.

நிர்வாகம்: வரைபடம் பதிவான கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்கு உரிமையாளர்கள் அனைவரும் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனமே பொறுப்பு. கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இவற்றை மேற்பார்வை செய்கிறது. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம், நிலுவை, பெரிய திருத்தங்களுக்கான சேமிப்பு நிதி ஆகிய மூன்றையும் விசாரியுங்கள். நிதி இல்லாவிட்டால் கூரை ஒழுகும் நாளில் புதிய உரிமையாளரின் பையிலும் கைவைக்க நேரும்.

கட்டடம்: புதுப் பெயின்ற் கசிவை மறைக்கும். மழைக்குப் பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூரைத் தட்டில் கொங்கிறீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் பொறியியலாளரிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொதுவானது; அதை நாம் மட்டும் மாற்ற முடியாது. பாரம் தாங்கும் சுவரை உடைத்து அறையைப் பெருப்பிப்பது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவதாகும். பழைய வயரிங்கை முழுதாக மாற்றுவதைத் திருத்தச் செலவில் முதலாவதாகச் சேருங்கள்.

கணக்கு: உதாரணமாக, 2 கோடி ரூபா வீடொன்றுக்கு மாதம் 1 இலட்சம் வாடகை கிடைக்குமென்றால் ஆண்டு வருமானம் 12 இலட்சம், அதாவது 6 சதவீதம் என்பார் தரகர். ஆனால் முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். இங்கு 7,99,000 ரூபா. திருத்தத்துக்கு 30 இலட்சம் சேர்த்தால் முதலீடு 2,37,99,000 ரூபா. இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடந்து, பராமரிப்புக்கு மாதம் 10,000 ரூபா போனால் கைக்கு வருவது 8,80,000 ரூபா. இது 3.7 சதவீதம் மட்டுமே. நொத்தாரிசுக் கட்டணமும் சோலைவரியும் இதில் சேரவில்லை.

ஆகவே பேரம் பேசும்போது திருத்தச் செலவைக் கழித்தே விலை கேளுங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்புவோர், குறைந்து செல்லும் முஷாரக்கா போன்ற பங்குடைமை முறைகளை இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் விசாரிக்கலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது தெளிவான உறுதிதான். அது இல்லாத வீடு எவ்வளவு மலிவானாலும், பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்வது வழக்காகவே இருக்கும்.