கூரை வெப்பமும் வீட்டிலிருக்கும் நோயாளியும்

கத்திரி நாள்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழேயும் தகரக் கூரையின் கீழும் உள்ள அறைகளில், பொழுது சாய்ந்த பின்னும் வெக்கை தணிவதில்லை. சிதம்பரம், கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வையும் எளிதில் உலராது. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

வெப்பம் உடலை அடைவது எவ்வாறு?

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்று வழிகளில் பரவும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வெயிலின் வெப்பம் கூரையின் வழியே கடத்தப்பட்டு உட்புறத்தை அடைகிறது. சூடேறிய உட்கூரை, கீழே படுத்திருப்பவர் மீது வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. கதிர்வீச்சுக்குக் காற்று தேவையில்லை. ஆகவே மின்விசிறியால் அதைத் தடுக்க இயலாது. தோல் 35 டிகிரி செல்சியஸிலும் உட்கூரை 45 டிகிரியிலும் இருந்தால், சம பரப்பில் கூரை ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாகக் கதிர்வீசும். கான்கிரீட் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் வெளியிடும். கீற்றுக் கூரையில் ஓலைகளுக்கிடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், படுக்கையிலிருப்போர், இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கலாம். எனினும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- நோயாளியின் படுக்கையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுங்கள்.
- மாடித் தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும்.
- மேற்கு சன்னலுக்கு வெளிப்புறம் தட்டி கட்டுங்கள். வெயில் கண்ணாடியைக் கடந்த பின் உள்ளிருக்கும் திரையால் பயன் குறைவு.
- கீற்று வேய்ந்தால் அடுப்பிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலக்கி வையுங்கள்.
- ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளையிடவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.
- அடிக்கடி நீர் கொடுங்கள். நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

உடல் கொதித்தல், குழப்பமான பேச்சு, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் 108-ஐ அழையுங்கள். அதுவரை நோயாளியை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்.