பனிமலையில் வாக்குரிமை கேட்ட பெண்மணி

1912ஆம் ஆண்டுக் கோடையில் காரக்கோரம் மலைத்தொடரின் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், ஏறத்தாழ 21,000 அடி உயரமான பனிமேட்டில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று உண்டு. பாவாடை அணிந்த 53 வயதுப் பெண்மணி ஒருவர் பத்திரிகையொன்றை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். "பெண்களுக்கு வாக்குரிமை" என்பதே அதில் தெரியும் வாசகம். அவரது நாடான அமெரிக்காவில் நாடளாவிய ரீதியில் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றது 1920இல். இலங்கைப் பெண்கள் பெற்றது 1931இல்.

அவர் பெயர் ஃபனி புல்லொக் வேர்க்மன். 1859இல் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரிற் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக விளங்கியவர். கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் ஒரு வைத்தியர். உடல்நலக் குறைவால் அவர் தொழிலைக் கைவிட, குடும்பம் ஜேர்மனியிற் குடியேறியது. 1893இல் மகன் சிக்பிரிட் சிறு வயதிலேயே இறந்துபோனான். அதன் பின்னர் தம்பதியரின் வாழ்வு பெரும்பாலும் பயணமாகவே கழிந்தது.

அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் துவிச்சக்கரவண்டியிற் சுற்றிய இவர்கள், 1897ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கீழைத்தேயப் பயணத்தைத் தொடங்கினர். இலங்கையிலும் இந்தியாவிலும் வண்டி மிதித்து, ஆலயங்களையும் பழைய கட்டடங்களையும் படம்பிடித்தனர். கடந்த தூரம் 14,000 மைல் என அவர்களது நூலின் தலைப்பே கூறுகிறது. செப்பமற்ற பாதைகளும் ரயர் ஓட்டையாவதும் அன்றாடத் தொல்லைகள். சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி வடக்கே சென்றபோதுதான் இமயம் அவர்களை ஆட்கொண்டது.

1899 முதல் 1912 வரை காரக்கோரத்திலும் இமயத்திலும் பியாபோ, சோகோ லுங்மா, ஹிஸ்பர், சியாச்சின் எனப் பனியாறு பனியாறாக ஆராய்ந்தனர். 1906இல் நுன் குன் பகுதியின் பினக்கிள் சிகரத்தை ஃபனி எட்டினார். அப்போது அவருக்கு வயது 47. 1905இல் லண்டன் அரச புவியியற் கழகத்தில் உரையாற்றிய இரண்டாவது பெண்ணென்ற பெருமையும் அவருக்குண்டு.

ஆனால் வரலாறு எழுதுபவன் புகழ் பாடுவதோடு நின்றுவிடக்கூடாது. 1908இல் மற்றோர் அமெரிக்கப் பெண்ணான அன்னி பெக், பெரு நாட்டின் ஹுவாஸ்கரான் மலையின் வடசிகரத்தில் ஏறினார். அதன் உயரம் 24,000 அடியாக இருக்கலாம் எனவும் கூறினார். பெண்களின் உயர சாதனை கைநழுவுவதைப் பொறுக்காத ஃபனி, பிரெஞ்சு நில அளவையாளர்களைப் பெருவுக்கு அனுப்பினார். செலவு சுமார் 13,000 டொலர். அளந்தபோது சிகரம் 21,812 அடிதான். ஃபனி வென்றார். எனினும், தாம் ஏறிய சிகரம் 23,300 அடி என்ற அவரது கணக்கும் பிழையானதே. இன்றைய அளவீட்டின்படி அது 6,930 மீற்றர். அதாவது ஏறத்தாழ 22,740 அடி. பிறரது கூற்றைச் சோதிக்கப் பெரும்பணம் செலவிட்டவரின் கூற்றையும் காலம் சோதித்துவிட்டது.

இதைவிடப் பாரதூரமான குறை வேறொன்று. பாரம் சுமந்த உள்ளூர்த் தொழிலாளரை அவர்களது நூல்கள் சோம்பேறிகள் என்றும் ஏமாற்றுக்காரர் என்றும் ஏளனத்துடன் பேசுகின்றன. கடுங்குளிரில் கூலிக்குச் சுமை தூக்கியவர்கள் இடைவழியில் ஓடிப்போனதற்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம் என்று அத்தம்பதியர் எண்ணியதாகத் தெரியவில்லை. தம் பெயரையும் மகனின் பெயரையும் சிகரங்களுக்குச் சூட்டியவர்கள், அவற்றின் அடிவாரம் வரை தம் பொருட்களைச் சுமந்தவர்களுக்கு அந்தப் பெருமையில் எந்தப் பங்கும் அளிக்கவில்லை. பெண்ணுக்குச் சமத்துவம் கோரிய குரல், அருகில் மூச்சிரைத்து நின்ற மனிதனை எட்டவில்லை.

ஃபனி 1925இல் பிரான்சின் கான் நகரிற் காலமானார். நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு 125,000 டொலரை எழுதிவைத்திருந்தார். அவர் நடந்த சியாச்சின், 1984 ஏப்ரல் முதல் இந்திய, பாகிஸ்தானியப் படைகள் எதிரெதிரே நிற்கும் போர்க்களமாயிற்று. 2003 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆயினும் அங்கு குண்டுக்கு இரையானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இரையானவர்களே அதிகம். அந்த உச்சிகளுக்கு உணவையும் எண்ணெயையும் சுமந்து செல்லும் உள்ளூர்க் கூலியாட்கள் இன்றும் உள்ளனர். அவர்களின் பெயர்களை இன்றும் எவரும் கேட்பதில்லை.