ராஜா மஹாடி கோட்டை

சிலாங்கூர் மாநிலம் கிள்ளான் நகரில், குன்றின் மேல் இருந்த 19ஆம் நூற்றாண்டுக் கோட்டை. மலாயில் கோத்தா ராஜா மஹாடி. கோத்தாவும் நம் கோட்டையும் உறவுச் சொற்கள்.

பழைய மலாய் நாடுகளில் ஒரு தலைவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை ஆறுதான் தீர்மானித்தது. உள்நாடு அடர்ந்த காடு. ஈயம் கீழே வரவும் அரிசியும் அபினும் மேலே போகவும் படகே வழி. ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பிடித்தவருக்கே வரி. 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டும் கான்வி, கேர்நார்வன் கோட்டைகளை ஆறு கடலைச் சேரும் இடங்களில்தான் எழுப்பினார். அங்கே நோக்கம் வரியல்ல. பகைநாட்டுக்குள் இருக்கும் படைக்குக் கப்பலில் உணவு வந்து சேர வேண்டும்.

சிலாங்கூரில் ராஜா மஹாடி கோட்டைக்கு மூத்தது கோலசிலாங்கூரின் மெலாவத்தி குன்றுக் கோட்டை. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் ஆல்டிங்பர்க் என்றழைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங் உதவியுடன் மீட்டுக்கொண்டார்.

கிள்ளானில் சண்டை வெளியாரோடு மூளவில்லை. அரச குடும்பத்துக்குள்ளேயே மூண்டது. ராஜா மஹாடியின் தந்தை ராஜா சுலைமான் முன்பு கிள்ளானை ஆண்டவர். அவருக்குப் பின் சுல்தான் முகமது ஷா அந்த உரிமையை மஹாடிக்குத் தராமல், ரியாவிலிருந்து வந்த பூகிஸ் வழியினரான ராஜா அப்துல்லாவுக்குக் கொடுத்தார். பின்னர் வெடித்த போருக்கு வேர் இந்த மனக்குறைதான் என்பதே சரியான கணிப்பு. 1857இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை கிள்ளான் ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். அம்பாங்கில் ஈயம் கிடைத்தது. அக்காலத்தில் அவர் கட்டிய ஈயக் கிடங்கு இன்றும் கிள்ளானில் நிற்கிறது. உரிமை பறிபோன ஊரில் செல்வமும் பெருகியதை மஹாடி பார்த்துக்கொண்டிருந்தார். 1866இல் கிள்ளானின் வரிவசூல், சிங்கப்பூர் வணிகர்கள் வில்லியம் ஹென்றி ரீட், டான் கிம் சிங் ஆகியோருக்குக் குத்தகையாகப் போனது. அரச வம்சத்தவனான தான் வரி கட்டுவதா என்று மஹாடி மறுத்தார். 1867இல் போர் வெடித்தது. கிள்ளான் அவர் வசமானது. குன்றின் மேலிருந்த கோட்டை அவருடைய உரிமைக்கோரிக்கையின் கண்கண்ட சான்றாயிற்று.

ராஜா அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலும், அப்போதைய சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன் துங்கு கூடினும் கோட்டையைத் தாக்குவதோடு நிற்காமல் ஆற்றையும் அடைத்தார்கள். 1870 மார்ச்சில் மஹாடி வெளியேறினார். பிறகு கோலசிலாங்கூரைக் கைப்பற்றினார். அங்கிருந்த கோட்டையை 1871 ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ குண்டுவீசித் தகர்த்தது. பின்னர் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆட்சி ஆலோசகர்) சிலாங்கூருக்கு வந்தார். மஹாடி 1882இல் சிங்கப்பூரில் காலமானார்.

1880இல் மாநிலத் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் ஈயம் தண்டவாளத்தில் ஏறியது. படகுகளுக்காக ஆற்றைக் காவல் காக்க வேண்டிய தேவையும் குறைந்தது. குன்றில் இன்று எஞ்சியிருப்பது நுழைவாயில்.