கலர் டேப்பின் கதை

போன மாசம் ஓபிக்கு ஒரு தம்பி வந்தான். வயசு 19. கபடி பிளேயர்.

வலது முழங்காலைச் சுத்தி நீலக் கலரில் ரெண்டு பட்டை டேப். நேர்த்தியா, படத்துல பாக்குற மாதிரியே ஒட்டியிருந்தான்.

"என்ன தம்பி ஆச்சு?"

"ரைடு போனப்ப கால் திரும்பிடுச்சு சார். உள்ள பொட்டுன்னு ஒரு சத்தம். அன்னிக்கு நைட்டே நல்லா வீங்கிடுச்சு. டீம்ல ஒரு அண்ணன் இந்த டேப்ப ஒட்டி விட்டாரு. வலி குறைஞ்சுது. அப்புறம் ரெண்டு டோர்னமெண்ட் ஆடிட்டேன்."

"இது எப்ப நடந்தது?"

"நாலு மாசம் இருக்கும் சார். இப்ப படி இறங்குனா மூட்டு விலகுற மாதிரி இருக்கு. சில நேரம் மடக்குனா லாக் ஆயிடுது."

டேப்பை எடுத்துட்டு மூட்டைப் பரிசோதிச்சேன். தொடையைப் பிடிச்சுக்கிட்டு கீழ்க்காலை முன்னாடி இழுத்தா, தடையே இல்லாம நழுவி வந்தது.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் ஏசிஎல் என்கிற ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. கூடவே மெனிஸ்கஸ் என்ற குறுத்தெலும்பு ஜவ்வும் கிழிந்திருந்தது.

முதல் நாள் ஏசிஎல் மட்டுமே போயிருக்கலாம். நிலையில்லாத மூட்டோடு ஓடி ஆட ஆட மெனிஸ்கஸ் அரைபட்டுக் கிழியும். எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம் இது.

விவரத்தைச் சொன்னதும் அவன் கேட்ட கேள்விதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம்.

"டிவியில பெரிய பெரிய பிளேயர்லாம் இத ஒட்டிக்கிட்டுத்தானே சார் ஆடுறாங்க?"

நியாயமான கேள்வி. அந்த டேப் அவங்க உடம்புக்கு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா பதில் கிடைக்கும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

*

முதலில் டேப்புக்கு எல்லாம் தாத்தாவான வெள்ளை பிளாஸ்டரில் இருந்து தொடங்குவோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பயர்ஸ்டார்ஃப் என்ற மருந்தாளுநர் 1882இல் மருந்து தடவிய பிளாஸ்டர் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1890இல் அவரது நிறுவனத்தை ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ் என்பவர் வாங்கினார்.

அங்கே தயாரான ஒரு பிளாஸ்டர் நன்றாக ஒட்டியது. ரொம்பவே நன்றாக ஒட்டியது. தோல் எரிச்சலாகி மனுஷன் உடம்பில் வைக்க முடியவில்லை.

தூக்கிப் போடவில்லை. 1896இல் அதையே சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும் டேப்பாக விற்றார்கள்!

பிறகு 1901இல், தோலை எரிக்காமல் இருக்க துத்தநாக ஆக்சைடு சேர்த்து வந்ததுதான் லியூகோபிளாஸ்ட். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் டிரிப் ஊசியைக் கையோடு சேர்த்து ஒட்டுகிறோமே, அந்த வகை டேப்.

இது இழுபடாது. இறுக்கிச் சுற்றினால் மூட்டு அசையும் அளவு குறையும். விளையாட்டு வீரர்களின் கணுக்காலுக்கு வெள்ளை டேப் சுற்றுவது இதனால்தான் வழக்கமானது.

இது வேலை செய்ததா? ஓரளவு செய்தது. அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து கேரிக், ரெக்வா என்ற இருவர் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. டேப் சுற்றியவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு குறைவாக இருந்தது.

ஆனா ஒரு குறையும் இருந்தது. 1962லேயே ராரிக் குழுவினர் அளந்து பார்த்திருந்தார்கள். பத்து நிமிஷம் கடுமையா ஆடினாலே டேப் தரும் பிடிமானத்தில் சுமார் 40 சதவீதம் காணாமல் போனது.

இன்னொரு குறை, வீரர்கள் சொன்னது. இறுக்குது, ரத்த ஓட்டம் தடைபடுது, ஆடவே முடியல.

*

இங்கேதான் ஜப்பானியர் ஒருவர் உள்ளே வருகிறார்.

பெயர் கென்சோ காசே. கைரோபிராக்டிக் சிகிச்சையாளர். அமெரிக்காவில் படித்துவிட்டு ஜப்பான் திரும்பியவர்.

1970களில் அவர் யோசித்தது இதுதான். மூட்டைக் கட்டிப் போடாத டேப் வேண்டும். தோல் மாதிரி மெல்லிசா, தோல் மாதிரி இழுபடுறதா, பல நாள் உடம்பில் இருக்கிறதா வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் கினீசியோ டேப். பருத்தித் துணி, அதனுள் இழுபடும் நூல், பின்பக்கம் அலை அலையாக அக்ரிலிக் பசை. மருந்து எதுவும் கிடையாது. நீளவாக்கில் மட்டும் இழுபடும். குளித்தாலும் மூன்று முதல் ஐந்து நாள் வரை தாங்கும்.

அவர் சொன்ன விளக்கம்: ஒட்டும்போது தோல் சுருங்கி லேசாக மேலே தூக்கப்படும். அதனால் தோலுக்குக் கீழே இடம் கிடைக்கும், ரத்தமும் நிணநீரும் நன்றாக ஓடும், வீக்கமும் வலியும் குறையும்.

கேட்க அழகான விளக்கம். ஆனால் மருத்துவத்தில் விளக்கம் வேறு, நிரூபணம் வேறு. இதை மனசுல வச்சுக்கோங்க.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பான் வாலிபால் வீரர்கள் உடம்பில் இந்த டேப் தெரிந்தது. ஆனாலும் அடுத்த இருபது வருஷம், பிசியோதெரபி வட்டாரத்துக்கு வெளியே பலருக்கு இதன் பெயர் தெரியாது.

*

2008, பெய்ஜிங் ஒலிம்பிக்.

தயாரிப்பு நிறுவனம் ஒரு காரியம் செய்தது. 58 நாடுகளின் அணிகளுக்கு 50,000 டேப் ரோல்களை இலவசமாகக் கொடுத்தது.

அமெரிக்க பீச் வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் வலது தோளில் சிலந்தி வலை மாதிரி கருப்பு டேப்போடு இறங்கினார். பீச் வாலிபால் உடையில் தோள் முழுக்கத் தெரியும். கேமரா விடுமா? அவரும் மிஸ்டி மே ட்ரெய்னரும் தங்கம் வென்றார்கள். உலகமே கேட்டது, "அந்த கருப்பு டேப் என்ன?"

அந்தத் தோளில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதற்குப் பின் பல மாசம் பயிற்சி, பிசியோ. அதெல்லாம் போட்டோவில் தெரியாது. டேப் மட்டும்தான் தெரியும்.

அடுத்து 2012 யூரோ கால்பந்து அரையிறுதி. ஜெர்மனிக்கு எதிராக இத்தாலியின் பாலோடெல்லி ரெண்டாவது கோலை அடித்துவிட்டு, ஜெர்சியைக் கழற்றி சிலை மாதிரி நின்றார் இல்லையா? அவர் முதுகில் இருந்த நீலப் பட்டைகள் ஞாபகம் இருக்கா?

அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் திரும்பின பக்கமெல்லாம் கலர் டேப்.

ஒரு புது மாத்திரை வந்தால் முதலில் ஆய்வு, பிறகு அனுமதி, பிறகுதான் ஆஸ்பத்திரி. இந்த டேப் வந்த வழி வேறு. முதலில் போட்டோ, பிறகு கடை. ஆய்வுகள் மெதுவாகப் பின்னால் நடந்து வந்தன.

*

சரி, அந்த ஆய்வுகள் என்ன சொல்லுச்சு?

பெய்ஜிங் நடந்த அதே 2008இல் தெலென் குழுவினரின் ஆய்வு வந்தது. தோள்வலி உள்ள 42 மாணவர்கள். பாதிப் பேருக்கு முறைப்படி டேப், மீதிப் பேருக்குப் பேருக்கு ஒட்டிய டேப். முறைப்படி ஒட்டியவர்களால் உடனடியாக, வலியில்லாமல் கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க முடிந்தது. நாள் போகப் போக ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

2012இல் வில்லியம்ஸ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விளையாட்டுக் காயத்தைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மற்ற டேப்புகளை விட இதுதான் மேல் என்று சொல்ல, தரமான ஆதாரம் கிடைக்கவில்லை.

2014இல் பிரேசில் ஆய்வு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேர். ஒரு குழுவுக்கு, காசே சொன்ன மாதிரி தோலில் சுருக்கம் விழும்படி இழுத்து ஒட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். வலி ரெண்டு குழுவிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. ஆக, தோலைத் தூக்குறதுதான் ரகசியம் என்ற விளக்கம் அங்கே நிற்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு 2015இல் ஹாங்காங்கில் இருந்து வந்தது. ஆரோக்கியமான 30 பேருக்கு "தசையை அளக்கும் சென்சார் ஒட்டுறோம்" என்று சொல்லி, கண்ணையும் கட்டிவிட்டு, தொடையில் இந்த டேப்பை ஒட்டினார்கள். தசை பலம் கூடியதா? கூடவில்லை. டேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அதாவது, ஒட்டியிருப்பது தெரியாதபோது கூடுதல் பலமும் வரவில்லை!

பிறகு விவகாரம் கோர்ட்டுக்கும் போனது. காயம் வராமல் தடுக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது தவறு என்று, அமெரிக்காவில் கேடி டேப் என்ற இன்னொரு பிராண்டு மீது வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 17.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. விளம்பர வாசகங்களை மாற்றவும் நிறுவனம் ஒத்துக்கொண்டது.

*

"அப்போ டேப் சுத்த ஏமாத்தா டாக்டர்?"

அப்படியும் சொல்ல மாட்டேன்.

வலி கொஞ்சம் குறையுதுன்னு பலர் சொல்வது பொய் இல்லை. அடிபட்ட இடத்தை உடனே கையால் தேய்த்து விடுகிறோம், வலி குறைகிறது இல்லையா? தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று மெல்சாக், வால் இருவரும் 1965இல் விளக்கினார்கள். தோலில் ஒட்டிய டேப் அசைவுக்கு அசைவு இழுபடும்போது இப்படி ஏதாவது நடக்கலாம். நம்பிக்கையும் சேர்ந்து வேலை செய்யலாம்.

காயம் என்ன என்று தெரிந்தபின், பிசியோ பயிற்சியோடு சேர்த்து, பயமில்லாமல் காலை அசைக்க டேப் உதவினால் தாராளமா ஒட்டிக்கோங்க.

ஆனா இது எலாஸ்டிக். அறுந்துபோன ஜவ்வுக்குப் பதிலா மூட்டைப் பிடிச்சு நிறுத்தும் வலு இதுக்குக் கிடையாது. நீலம், பிங்க், கருப்பு எல்லாம் ஒண்ணுதான். கலருக்குன்னு தனி மருத்துவ குணம் எதுவும் இல்லை.

ஆபத்து எங்கே தெரியுமா? வலி குறைந்ததை, காயம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான். அந்தத் தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

*

அதனால டேப் ஒட்டும் முன் இதைப் பாருங்க.

முழங்காலில்:
- அடிபட்டபோது பொட்டுன்னு சத்தம் கேட்டதா?
- சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கியதா?
- நடக்கும்போது மூட்டு விலகுதா, லாக் ஆகுதா?

கணுக்காலில்:
- அடிபட்ட உடனேயும், ஆஸ்பத்திரியிலும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா?
- உள்பக்கமோ வெளிப்பக்கமோ கணுக்கால் மொழியின் பின் ஓரத்தை அல்லது நுனியை அழுத்தினால் வலி உயிர் போகுதா?

இந்தக் கணுக்கால் கேள்விகள் 1992இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகளில் இருப்பவை. யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவுசெய்ய இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம்.

இதில் ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கலாம். எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டுத் தேவைன்னா ஸ்கேனுக்கு எழுதுவார்.

புண், கொப்புளம், அலர்ஜி உள்ள தோலில் டேப் ஒட்ட வேண்டாம். அரிச்சா உடனே எடுத்துடுங்க. காரணம் தெரியாமல் ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில் வீங்கி வலித்தால் டேப் ஒட்டவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அவசரமாகப் பார்க்க வேண்டியது.

*

அந்தத் தம்பிக்கு ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. மெனிஸ்கஸில் கிழிந்த ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது.

இப்போ தினமும் பிசியோ வர்றான். தொடைத் தசை இளைச்சுப் போயிருந்தது, கொஞ்சம் கொஞ்சமா தேறுது. கபடிக்குத் திரும்ப ஒன்பது மாசமாவது ஆகும்னு சொல்லியிருக்கோம்.

நேத்து கேட்டான். "சார், திரும்ப ஆடும்போது டேப் ஒட்டிக்கலாமா?"

"ஒட்டிக்கோ தம்பி. ஆனா ஆடலாமா வேண்டாமான்னு பிசியோ சார் காலைப் பாத்து சொல்லட்டும்" என்றேன்.

சிரிச்சுக்கிட்டே போனான். போற வழியில, டேப் ஒட்டி விட்ட அந்த அண்ணனையும் ஒருநாள் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். அவர் மேல கோபம் எல்லாம் இல்லை. அவருக்குத் தெரிஞ்ச உதவியைத்தான் செஞ்சார். மேலே சொன்ன கேள்விகளை அவருக்குச் சொல்லிக் கொடுத்தா, அந்த டீம்ல இன்னொரு முழங்கால் தப்பிக்கும்.

உங்க ஊர் டீம்லயும் டேப் ஒட்டி விடுற அண்ணன் ஒருத்தர் இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்க.