205, 57, 81: ஒரு பட்டியலின் கதை

போன தேர்தல் சமயத்தில் எங்கள் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிப் போட்டேன். "இதுக்கு ஆதாரம் எங்கடா?" என்று ஒருவன் கேட்டான். என்னிடம் இல்லை. "அப்போ நீ அவனுங்க பக்கமா?" என்று திருப்பிக் கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதோடு அவன் குழுவில் பேசுவதையே நிறுத்திவிட்டான். ஜெயித்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன். சமீபத்தில் 1950களின் அமெரிக்க அரசியலைப் படித்துக் குறிப்பெடுத்தபோதுதான் உறுத்த ஆரம்பித்தது.

1950 பிப்ரவரி 9. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியரசுக் கட்சி மகளிர் மன்றக் கூட்டம். விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் இருக்கும் 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் சொன்னார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. ஓரிரு நாளில் அந்த 205, 57 ஆனது. பிப்ரவரி 20 அன்று செனட்டில் பேசியபோது 81.

205 எங்கிருந்து வந்தது? 1946-இல் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பர்ன்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில், 284 ஊழியர்களை நிரந்தரமாக்க வேண்டாம் என்று பரிந்துரை வந்ததாகவும், அவர்களில் 79 பேர் நீக்கப்பட்டதாகவும் இருந்தது. 284-இல் 79-ஐக் கழியுங்கள். அவ்வளவுதான்! அதில் பெயர்கள் கிடையாது, எல்லோரும் கம்யூனிஸ்ட் என்றும் கிடையாது, நாலு வருஷப் பழசு வேறு.

ஆனால் எண் மாறியது அவருக்குப் பலவீனமாகவில்லை. ஊரே "205-ஆ, 57-ஆ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குள் "சிலராவது இருக்கிறார்கள்" என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? முதல் தந்திரம் இது.

இரண்டாவது, நிரூபிக்கும் சுமையை எதிராளியின் தலையில் ஏற்றுவது. செனட்டில் 40-ஆவது நபரைப் பற்றிச் சொன்னபோது, அவருக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு இல்லை என்று காட்டக் கோப்பில் எதுவும் இல்லை என்பதையே காரணமாகச் சொன்னார் மெக்கார்த்தி. நாம் விதண்டாவாதம் என்கிறோமே, அதையும் தாண்டிய சங்கதி இது. தன் கட்சியை நிறுவாமல் எதிராளியின் வாதத்தை மட்டும் உடைப்பதற்கு நியாய சூத்திரம் வைத்த பெயர் விதண்டை. இங்கே உடைப்பதற்கு எதிராளியின் வாதம்கூடத் தேவைப்படவில்லை.

மூன்றாவது, நான் செய்தது. கேட்டவனையே குற்றவாளியாக்குவது. குற்றச்சாட்டை விசாரித்த செனட் குழுவின் தலைவர் மில்லர்ட் டைடிங்ஸ், அது மோசடி என்று அறிக்கை தந்தார். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில், கம்யூனிஸ்ட் தலைவராக இருந்த ஏர்ல் பிரௌடரோடு அவர் பேசிக்கொண்டிருப்பது போன்ற ஒட்டுப்படம் துண்டுப் பத்திரிகையில் வந்தது. டைடிங்ஸ் தோற்றார். அந்தப் படம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்ற செனட்டர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இப்படிப்பட்டவரை எப்படி எதிர்கொண்டார்கள்? மூன்று பேரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மார்கரெட் சேஸ் ஸ்மித், செனட்டில் அப்போதிருந்த ஒரே பெண். அவரும் குடியரசுக் கட்சிதான். 1950 ஜூன் 1 அன்று, மெக்கார்த்தியின் பெயரைச் சொல்லாமலே, அந்த முறையைத் தன் கட்சி கைவிட வேண்டும் என்று பேசினார். நம்ம ஆள் செய்தால் நாமே கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எட்வர்ட் மர்ரோ, தொலைக்காட்சிச் செய்தியாளர். 1954 மார்ச் 9 நிகழ்ச்சியில் மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகளையே போட்டுக் காட்டி, ஒவ்வொரு கூற்றாக நிறுத்திச் சரிபார்த்தார். பத்துப் பொய்யையும் ஒரே மூச்சில் துரத்தவில்லை.

ஜோசப் வெல்ச், ராணுவத்தின் வழக்கறிஞர். 1954 ஜூன் 9 விசாரணையில் அவருடைய கேள்விகள் நெருக்கியபோது, மெக்கார்த்தி பேச்சை மாற்றி, வெல்சின் அலுவலகத்து இளைஞர் ஒருவர் மீது கம்யூனிஸ்ட் சாயம் பூசினார். அந்த இளைஞரின் பழைய சங்கம் எப்படிப்பட்டது என்ற விவாதத்துக்குள் வெல்ச் இழுபடவில்லை. கொஞ்சமாவது நாகரிகம் மிச்சமிருக்கிறதா என்று கேட்டு, மேற்கொண்டு அதைப் பேச மறுத்துவிட்டார். நேரலையில் நாடே பார்த்தது. டிசம்பர் 2 அன்று 67-க்கு 22 என்ற வாக்கில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் நேர்மையற்றவன் ஆவேன். அமெரிக்க அரசுக்குள் சோவியத் உளவாளிகள் இருந்தது உண்மை. 1995-இல் வெளியான வெனோனா ஆவணங்கள் அதைக் காட்டுகின்றன. அதனால் "மெக்கார்த்தி சொன்னது சரிதானே" என்பவர்கள் இன்றும் உண்டு. உளவாளிகள் இருந்தார்கள் என்பது ஒரு கூற்று, "இவர் உளவாளி" என்பது வேறு கூற்று. முதலாவதற்கான ஆதாரத்தை இரண்டாவதற்குக் கணக்கில் வைக்க முடியாது. இந்த வகைப் பேச்சு எடுபடுவதே உள்ளே ஒரு துளி உண்மை இருப்பதால்தான். அந்தத் துளியை ஒப்புக்கொண்டுவிட்டு, மிச்சத்துக்கு ஆதாரம் கேட்பதுதான் வழி. கேட்டவனைத் திட்டினால், அங்கே ஆதாரம் இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம்.

என் விஷயத்திலும் அதுதான் நடந்தது. நண்பனுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். அது போதாது. எல்லோர் முன்னாலும்தானே அவனைக் கேட்டேன்? அதனால் நேற்று அதே குழுவில், "அன்னைக்கு நான் போட்ட கணக்குக்கு ஆதாரம் இல்லை, அவன் கேட்டது சரி" என்று போட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவனும் இன்னும் பதில் போடவில்லை.