மயங்கியவர் தரும் செய்தி

மூளையில் இரத்தக்குழாய் உடைந்து குருதி கசிந்த நோயாளி, தமக்கு நேரும் கேட்டைப் பெரும்பாலும் தாமே எடுத்துரைக்க இயலாதவர். மண்டையோடோ விரிந்து கொடுக்காதது. உள்ளே தேங்கும் குருதியும் வீக்கமும் மூளையை நெருக்குகின்றன. சில மணி நேரத்தில் உயிருக்கே இறுதி நேரலாம். அவ்வாபத்தை வெளியிலிருந்து உரிய காலத்தில் அறிவது எங்ஙனம்? மருத்துவர்கள் இதற்கு விடை தேடிய வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1901-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் விலங்குகளிடம் ஆய்வு நிகழ்த்தினார். மண்டையோட்டினுள் அழுத்தம் ஏற ஏற, உடலின் இரத்த அழுத்தமும் ஏறியது. நெருக்குண்ட மூளைக்குக் குருதியைச் செலுத்த உடல் செய்யும் முயற்சி அது. நாடியோ மெதுவாயிற்று. அதே ஆண்டில் இத்தாலியின் பாவியா நகரில், ரிவா-ரோச்சி என்பார் 1896-இல் வெளியிட்ட இரத்த அழுத்தமானியைக் கண்டு, அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். ஆயினும், நாடி காட்டும் இவ்வெச்சரிக்கை பல வேளைகளில் காலங்கடந்தே வருகின்றது.

1960-இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லுண்ட்பர்க், மூளையின் நீரறையில் மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளழுத்தத்தை இடைவிடாது பதிவுசெய்யும் முறையை விரிவாக வெளியிட்டார். அழுத்தம் அலையலையாய் எழுந்து தணிவதை அப்பதிவுகள் காட்டின. ஆனால், மண்டையோட்டைத் துளைத்துச் செய்யும் இதனை எல்லா நோயாளிக்கும் செய்தல் இயலுமோ?

மூன்றாவது விடை 1974-இல் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. அதற்குமுன், ஒரு மருத்துவர் 'அரை மயக்கம்' என்று எழுதினால், மற்றொருவர் அதனை வேறாகப் பொருள் கொள்ள இடமிருந்தது. கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் மூன்றே வினாக்களை வகுத்தனர். கண் திறக்கின்றதா? பேச்சு பொருந்துகின்றதா? சொன்னபடி கைகால் அசைகின்றனவா? இன்றைய வழக்கில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என உயர்ந்த மதிப்பெண் 15, தாழ்ந்தது 3. தலைக்காயம் பட்டோரை முதன்மையாகக் கருதி எழுந்த இம்முறை, குருதிக் கசிவு நோயாளிகளுக்கும் விரைவில் பயன்பட்டது.

இதற்குக் கருவி வேண்டுவதில்லை. பயின்ற செவிலி குறித்த நேரந்தோறும் கேட்டு, பார்த்து, எழுதினால் போதும். ஒரு முறை எழுதிய எண்ணைவிட, எண்களின் வரிசையே பெரிது. முன்பு 14 இருந்தது இப்போது 11 ஆயின், மருத்துவரை உடனே அழைத்தாக வேண்டும். நுண்கருவிகள் பெருகிய இந்நாளிலும், நள்ளிரவில் அவ்வினாக்களைச் சலிக்காமல் கேட்கும் செவிலியே நோயாளியின் முதற்காவல் என்பது என் துணிபு.