இலங்கை மலாய் மொழியில் எதிர்மறை

இலங்கை மலாயில் வினையை மறுக்க ஒரு சொல் போதாது. நடந்து முடிந்ததை மறுக்க 'தரா', நடக்கவிருப்பதை மறுக்க 'துமா' என்னும் ஒட்டுகள் வினைக்கு முன்னால் வந்து சேரும். 'பி' என்பது 'போ'. 'சுபி' என்றால் போனது, 'தராபி' என்றால் போகவில்லை, 'துமாபி' என்றால் போகமாட்டாது. மறுப்பு ஏறியதும் இறந்தகாலம் காட்டும் 'சு' உதிர்ந்துவிடும். காலத்தையும் மறுப்பே சுமக்கும். 1887இல் சாமன்ஹோஃப் வெளியிட்ட செயற்கை மொழியான எஸ்பெராந்தோவிலோ எக்காலத்துக்கும் 'நே' ஒன்றே. அது ஒருவர் திட்டமிட்டு வகுத்த இலக்கணம். இலங்கை மலாயின் இலக்கணமோ தலைமுறைகளாகப் பலர் பேசிப்பேசி உருவானது.

ஒல்லாந்தர் காலத்தில் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவர்களே இம்மொழியினரின் முன்னோர். பின்னர் மலாயர் பணியாற்றிய பிரித்தானியரின் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டது. பாபா ஊனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் தொடங்கிய 'அலாமத் லங்காபுரி' அரபு எழுத்தில் அச்சான அருமையான இதழ். ஆனால் அதன் நடை ஏட்டு மலாய். வீட்டுப் பேச்சின் எதிர்மறை அதில் பெரிதும் பதிவாகவில்லை.

விரிவான சான்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கிடைக்கிறது. இயன் ஸ்மித், பாவ், ஹுசைன்மியா ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் இம்மொழியின் இலக்கணத்தில் தமிழின் செல்வாக்கை வலியுறுத்தினர். எதிர்மறை அவர்கள் பக்கமே சாய்கிறது எனலாம். 'தரா' இன்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 'துமா' விருப்பத்தைக் குறிக்கும் 'மாவ்' என்பதன் மறுப்பிலிருந்தும் வந்தவையாகக் கருதப்படுகின்றன. தமிழில் 'வரவில்லை' என்றும் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் 'வரேல்லை' என்றும் வரும் இறந்தகால மறுப்பிலும் இன்மைச் சொல்லே உள்ளது. எதிர்கால மறுப்பான 'வரமாட்டேன்' என்பதிலோ துணைவினை வருகிறது. சிங்களத்தில் 'கியே நே', 'யன்னே நே' என இரு காலத்துக்கும் மறுப்புச் சொல் ஒன்றே. காலம் வினையில் தங்கிவிடுகிறது. தமிழிலிருந்து வந்ததாயின் மறுப்பு வினைக்குப் பின்னல்லவா வரவேண்டும் என்று கேட்கலாம். இம்மொழியில் காலம் காட்டும் ஒட்டுகளும் முன்னாலேயே வருகின்றன. மறுப்பு அந்த இடத்தைப் பிடித்தது, அவ்வளவே. இன்னொரு தடை வலுவானது: வழக்கமாக நிகழ்வதை மறுக்கவும் 'துமா' வரும், தமிழில் அங்கே 'போவதில்லை' என்போம். ஆகவே தமிழோடு உள்ள ஒப்புமை முழுமையானதன்று. மூலப்பொருள்களும் பேச்சு மலாயிலேயே இருந்தவை. கால அடிப்படையில் அவற்றைப் பங்கிட்ட விதத்தில்தான் தமிழின் சாயல் தெரிகிறது. சிங்களத்துக்கும் சமபங்கு கோரும் அன்சால்தோ போன்ற ஆய்வாளர்களின் வாதம் பிற இலக்கணக் கூறுகளில் வலுப்பெறக்கூடும்.

பெயரை மறுப்பதில் மலாய் தன் பழைய வேறுபாட்டை விடவில்லை. காசு இல்லை என்பதற்குத் 'துவித் த்ரா'. ஒருவர் ஆசிரியர் அல்லர் என்பதற்குப் 'புகாங்'. நம் பேச்சுத் தமிழ் 'அல்ல' என்பதைப் பெரும்பாலும் கைவிட்டு இரண்டுக்கும் 'இல்லை' என்கிறது. தமிழ் தளரவிட்ட வேறுபாட்டை இச்சிறு மொழி காத்து நிற்பது கவனிக்கத்தக்கது. விலக்குக்கு 'ஜாங்' உண்டு: 'ஜாங்பி', போகாதே.

மொழியியலாளர் நோர்தொஃப் 2009இல் இம்மொழியின் மலைநாட்டு வழக்குக்கு முழு இலக்கணம் எழுதினார். ஆனால் கொழும்பில் கொம்பனித்தெரு உள்ளிட்ட இடங்களில் இம்மொழியினரின் இளையோர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவருகின்றனர். அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தையிலோ குழந்தைகளும் இம்மொழியைப் பேசுவதாகப் பதிவாகியுள்ளது.